இறுகிய வீல் பேரிங்: சுத்தியலா, பிரஸ்ஸா?

முன்சக்கர பேரிங், சக்கரத்தைத் தாங்கும் உலோகப் பாகமான நக்கிளோடு துருப்பிடித்து இறுகிவிட்டால், எந்த வழியானாலும் முதலில் பேரிங்கை நகராமல் பிடித்திருக்கும் சர்க்ளிப்பைக் கழற்றுங்கள். அதை மறந்து அரை நாள் அடித்தவன் நான்.

செலவு: சுத்தியலுக்கு ஒன்றுமில்லை. அழுத்தித் தள்ளும் இயந்திரமான பிரஸ்ஸுக்கு லேத் பட்டறைக் கூலி.

சிரமம்: சுத்தியல் என்றால் நக்கிள் காரிலேயே இருக்கலாம். பிரஸ்ஸுக்குக் கழற்றி எடுத்துப் போக வேண்டும். நக்கிளைக் காரோடு இணைக்கும் மூட்டான பால் ஜாயின்ட் லேசில் விடாது.

சேதம்: எப்படி எடுத்தாலும் பேரிங்கின் உள்வளையம் பெரும்பாலும், சக்கரம் மாட்டும் பாகமான ஹப்பின் கழுத்தைக் கவ்விக்கொண்டு நிற்கும். கிரைண்டரால் ஹப்பைத் தொடாமல் வளையத்தில் மட்டும் கீறி, உளி வைத்துத் தட்டினால் ‘டிக்’கென்று விரிசல் விடும். கண்ணாடி போடாமல் தொடாதீர்கள்.

பழையதைக் கழற்ற மட்டும் சுத்தியல் போதும். புதியதை ஏற்ற பிரஸ்தான், அதுவும் வெளிவளையத்தில் அழுத்தி. அடித்து ஏற்றினால் சீக்கிரமே ஊளையிடும்.