சூப்பர் நின்டெண்டோ டூம்: பொறுக்கக்கூடிய குறைகளும் பொறுக்க முடியாத ஒன்றும்

1995 செப்டம்பரில் வில்லியம்ஸ் என்டர்டெயின்மென்ட் வட அமெரிக்காவில் வெளியிட்ட, அரக்கர்களைச் சுட்டு முன்னேறும் டூம் என்ற கணினி விளையாட்டைச் சூப்பர் நின்டெண்டோ கன்சோலுக்கு மாற்றிய கேட்ரிட்ஜைப் (விளையாட்டு பதிந்த செருகுபெட்டியைப்) பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு கட்சியினர் மங்கிய படத்தையும் திக்கித் திணறும் வேகத்தையும் காட்டிச் சிரிக்கிறார்கள். மற்றவர்கள், அந்தச் சிறிய பெட்டியில் இவ்விளையாட்டு ஓடுவதே அதிசயம் என்று சொல்லி அதோடு நிறுத்திவிடுகிறார்கள். இன்று இதை வாங்கி ஆடலாமா என்று யோசிப்பவருக்கு இந்த இரண்டு தீர்ப்பாலும் பயனில்லை. இயந்திரத்தின் வலுவின்மையால் தவிர்க்க முடியாமல் வந்த குறைகளையும், வலுவுக்குத் தொடர்பே இல்லாமல் யாரோ எடுத்த முடிவால் வந்த குறைகளையும் தனித்தனியே எடைபோட்டால்தான் இதன் உண்மையான மதிப்பு தெரியும். அப்படி எடைபோட்ட பிறகு, முதல் வகைக் குறைகள் அனைத்தையும் நான் மன்னித்துவிட்டேன். இரண்டாம் வகையில் ஒன்றை மட்டும் மன்னிக்க மனம் வரவில்லை.

முதலில் இயந்திரத்தின் நிலையைப் பார்ப்போம். 1993 டிசம்பர் 10 அன்று ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட மூல விளையாட்டுக்குக் குறைந்தது 386 வகைக் கணினியும் 4 மெகாபைட் நினைவகமும் வேண்டியிருந்தன. தடங்கலின்றி ஆட அதற்கு அடுத்த தலைமுறையான 486 தேவைப்பட்டது. சூப்பர் நின்டெண்டோவின் மையச் செயலி அதிகபட்சமாக 3.58 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடுவது. அதன் பொது நினைவகம் 128 கிலோபைட் மட்டுமே. கணினியில் முழுப் பதிப்பின் தரவுக்கோப்பு சுமார் 11 மெகாபைட் இருக்க, கேட்ரிட்ஜில் கிடைத்த இடமோ 2 மெகாபைட். இத்தனைக்கும் மேல், இந்தக் கன்சோலின் படச் சில்லு ஒவ்வொரு பிக்சலையும் தனியாக எழுதுவதற்கென உருவானதன்று. சிறு சதுர ஓடுகளை அடுக்கித் திரையை நிரப்புவதே அதற்குத் தெரிந்த வேலை. சுவர்களை நொடிதோறும் புதிதாகக் கணக்கிட்டு வரையும் ஒரு சுடும் விளையாட்டுக்கு இதைவிடப் பொருந்தாத அமைப்பு இருக்க முடியாது.

இந்தக் குழியைத் தாண்டக் கைகொடுத்தது கேட்ரிட்ஜுக்குள்ளேயே பொருத்தப்பட்ட சூப்பர் எஃப்எக்ஸ் 2 என்னும் துணைச் செயலி. லண்டனின் ஆர்கோநாட் நிறுவனம் வடிவமைத்த இந்தக் குடும்பத்தின் முதல் சில்லு 1993இல் ஸ்டார் ஃபாக்ஸ் விளையாட்டுடன் வந்தது. இரண்டாம் சில்லு அதைவிட இருமடங்கு வேகத்தில், அதாவது சுமார் 21 மெகாஹெர்ட்ஸில் ஓடக்கூடியது. கேட்ரிட்ஜிலுள்ள தனி நினைவகத்தில் அது படத்தை வரைந்து முடிக்க, திரை அணைந்திருக்கும் மிகக் குறுகிய இடைவெளிகளில் அந்தப் படம் பகுதி பகுதியாகக் கன்சோலின் பட நினைவகத்துக்கு மாற்றப்படுகிறது. எவ்வளவு வேகமாக வரைந்தாலும் இந்த இடைவெளிக்குள் கடத்தக்கூடிய அளவு மிகவும் குறைவு. ஆட்டக் காட்சி திரை முழுவதையும் நிரப்பாமல், நான்கு பக்கமும் ஓரம் விட்டு ஒரு சன்னலுக்குள் அடங்கியிருப்பதற்கு இதுவும் காரணம். செயலியின் வேகம் மட்டுமே காரணம் என்று நினைத்துவிடக் கூடாது.

இதை எழுதியவர் ராண்டி லிண்டன். டிராகன்ஸ் லேர் விளையாட்டை அமிகா கணினிக்குக் கொண்டுவந்தவர். பின்னாளில் பிளேஸ்டேஷன் விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டிய ப்ளீம் மென்பொருளின் பின்னாலும் இருந்தவர். மூல விளையாட்டின் நிரல் அப்போது வெளியாகியிருக்கவில்லை. ஆகவே தரவுக்கோப்பின் அமைப்பைப் பற்றி ஆர்வலர்கள் தொகுத்து வைத்திருந்த விவரக்குறிப்பைத் துணையாகக் கொண்டு, ரியாலிட்டி என்று தாம் பெயரிட்ட எஞ்சினை (விளையாட்டை இயக்கும் அடிப்படை நிரலை) அடியிலிருந்து தாமே எழுதினார். சூப்பர் எஃப்எக்ஸுக்கான உருவாக்கக் கருவிகள் கைவசம் இல்லாத நிலையில், ஸ்டார் ஃபாக்ஸ் கேட்ரிட்ஜ் ஒன்றைப் பிரித்து மாற்றியமைத்து, கன்சோலை அமிகாவோடு இணைத்து, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் அசெம்ப்ளரையும் பிழைதிருத்தியையும்கூடத் தாமே செய்துகொண்டார். ஓடும் மாதிரி ஒன்று தயாரான பிறகே தாம் பணியாற்றிய ஸ்கல்ப்சர்ட் சாஃப்ட்வேர் நிறுவனத்திடம் அதைக் காட்டினார். 2020இல் அவர் மூல நிரலைப் பொதுவில் வெளியிட்டதால், இவற்றை இன்று யார் வேண்டுமானாலும் வரி வரியாகப் படித்துப் பார்க்கலாம்.

ஆட்டத்துக்கு வருவோம். கேட்ரிட்ஜைச் செருகி முதல் கட்டத்தில் நின்றவுடன் கண்ணில் உறுத்துவது தரையும் கூரையும்தான். கணினியில் அவற்றில் ஓடுகளும் கறைகளும் விளக்குகளும் இருந்தன; இங்கே வெறும் ஒற்றை நிறப் பரப்பு. சுவர்களில் மட்டும் ஓவியம் தங்கியிருக்கிறது. அதுவும் கிடைமட்டத்தில் பிக்சல்கள் இரட்டிக்கப்பட்டிருப்பதால், தொலைவில் வரும் அரக்கன் சில பழுப்புச் சதுரங்களாகவே தெரிகிறான். ஃப்ரேம் வேகம், அதாவது நொடிக்கு எத்தனை படங்கள் வரையப்படுகின்றன என்பது, பெரும்பாலும் நொடிக்குப் பத்தைச் சுற்றியே தத்தளிக்கிறது. கணினியில் உச்ச வேகம் 35 என்பதை நினைத்துப் பார்த்தால் இழப்பின் அளவு விளங்கும். கூட்டமான அறைகளில் இன்னும் மோசம். ஆனால் பழைய குழல் தொலைக்காட்சியில், சற்றுத் தள்ளி உட்கார்ந்து ஆடும்போது இந்தக் கரடுமுரடு கணிசமாகக் கரைந்துவிடுகிறது. இக்காலத் தட்டைத் திரையில் கூர்மையாக நீட்டிப் பார்த்துவிட்டு இதைப் பழிப்பவர்கள், இது எந்தத் திரைக்காக வரையப்பட்டதோ அதில் பார்க்கவில்லை என்றே சொல்வேன்.

இடப்பற்றாக்குறை விளையாட்டின் போக்கையே மாற்றிய இடம் அரக்கர்களின் உருவம். மூலத்தில் ஒவ்வோர் அரக்கனுக்கும் முன், பின், பக்கவாட்டு எனப் பல கோணங்களில் ஸ்ப்ரைட்டுகள் என்னும் தட்டைப் படங்கள் இருந்தன. இங்கே முன்புறம் மட்டுமே உண்டு. எங்கே நின்றாலும் எல்லா அரக்கர்களும் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இது வெறும் அழகுக் குறை என்று கடந்துவிட முடியாது. முதுகைக் காட்டி நிற்கும் காவலனைப் பின்னாலிருந்து அணுகுவது என்ற உத்தி இல்லாமல் போகிறது. ஓர் அரக்கனின் குண்டு இன்னொருவன் மேல் பட்டு இருவரும் தங்களுக்குள் அடித்துக்கொள்ளும்படி தூண்டிவிடுவது என்ற, டூம் ஆடுபவர்களுக்கு மிகப் பிரியமான தந்திரமும் இதோடு போய்விடுகிறது. ஷாட்கன்னும் மாறியிருக்கிறது: குண்டுகள் சிதறிப் பரவாமல் ஒரே குண்டாக நேராகப் பாய்வதால், கோடியில் நிற்பவனையும் வீழ்த்துகிறது. படம் மங்கலாக உள்ள ஆட்டத்தில் இந்த மாற்றம் ஆடுபவருக்குச் சாதகம். நான் இதைக் குறையில் சேர்க்கவில்லை. சுவரில் குண்டு பட்ட இடத்தில் எழும் புகையும், அரக்கன் மேல் பட்டால் தெறிக்கும் இரத்தமும் காணாமல் போனதுதான் அதிகம் உறுத்துகிறது. குறி தப்பியதா பட்டதா என்று தெரியாமல் தோட்டாவை வீணடிக்க நேர்கிறது.

இத்தனையும் விட்டுக்கொடுத்து எதைக் காப்பாற்றினார்கள் என்பதில்தான் இந்தப் போர்ட்டின், அதாவது வேறு கருவிக்கு மாற்றிய இந்தப் பதிப்பின், சிறப்பு இருக்கிறது. பெரிய வீட்டிலிருந்து ஒற்றை அறைக்குக் குடிபெயர்பவர் எதைத் தூக்கிச் செல்கிறார் என்பதைக் கொண்டே அவரை அறியலாம். லிண்டன் தூக்கிச் சென்றவை கட்டங்களின் கட்டுமானம். அதற்கு முந்தைய ஆண்டில் வந்த அட்டாரி ஜாகுவார், செகா 32எக்ஸ் ஆகிய கன்சோல்களுக்கான பதிப்புகள், இதைவிட வலுவான கருவிகளில் ஓடியும், எளிமையாக்கப்பட்ட வரைபடங்களையே தந்தன. சைபர்டெமன், ஸ்பைடர் மாஸ்டர்மைண்ட் ஆகிய இரு பேரரக்கர்களும் அவற்றில் இல்லை. சூப்பர் நின்டெண்டோ பதிப்போ கணினியின் வரைபடங்களையே அடிப்படையாகக் கொண்டது. மூன்று அத்தியாயங்களாக அமைந்த மூலத்தின் 27 கட்டங்களில் 22 இங்கே உள்ளன. இரு பேரரக்கர்களும் தத்தம் இடத்தில் காத்திருக்கிறார்கள். படிக்கட்டுகள், ஏறி இறங்கும் மேடைகள், இருட்டில் திறக்கும் இரகசிய அறைகள் ஆகியவற்றைக் கணினியில் ஆடிப் பழகியவர் இங்கே கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கலாம். விடுபட்ட ஐந்து கட்டங்களையும் சேர்க்கவே விரும்பியதாகவும், கேட்ரிட்ஜில் ஏறத்தாழ 16 பைட்டுகள் மட்டுமே மிஞ்சியதாக நினைவிருப்பதாகவும் லிண்டன் பின்னர் எழுதியிருக்கிறார். அதற்குமேல் அவரிடம் என்ன கேட்பது?

இசையைப் பற்றித் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். மூல விளையாட்டுக்கு இசையமைத்த ராபர்ட் பிரின்ஸின் பாடல்களை அன்று கணினியில் கேட்ட பலருக்கு அவை ஒலியட்டையின் மெல்லிய, தகரம் தட்டுவது போன்ற குரலிலேயே கிடைத்தன. சூப்பர் நின்டெண்டோவின் ஒலிச் சில்லு சோனி வடிவமைத்தது. பதிவுசெய்த உண்மை ஒலித்துணுக்குகளை இசைப்பது. அதனால் முதல் கட்டத்தின் கிட்டார் இங்கே கனமாகவும் இருளாகவும் ஒலிக்கிறது. ஜாகுவாரில் ஆட்டத்தின்போது இசையே கிடையாது. 32எக்ஸின் இசையைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. படத்தில் தோற்ற இடத்தில் காதால் மீட்டுக்கொண்ட போர்ட் இது. விளக்கை அணைத்துவிட்டு ஆடினால் அந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

கட்டுப்பாடுகள் எதிர்பார்த்ததைவிட நன்று. தோள்பட்டைப் பொத்தான்கள் இரண்டும் பக்கவாட்டு நகர்வுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதால், தீப்பந்து வரும்போது விலகுவது சில நிமிடங்களில் கைக்குப் பழகிவிடுகிறது. இருவர் மோதும் ஆட்டத்துக்கு எக்ஸ்பேண்ட் என்ற தொலைபேசி மோடம் வேண்டியிருந்தது. அந்தச் சேவை 1997இல் நின்றுவிட்டதால் அது குறித்து எதுவும் சொல்வதற்கில்லை.

இனி, மன்னிக்க முடியாத அந்தக் குறை. இந்தக் கேட்ரிட்ஜில் ஆட்டத்தைச் சேமிக்க வழி இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. ஓர் அத்தியாயத்தை ஆரம்பித்தால் ஒரே அமர்வில் முடித்தாக வேண்டும். பேட்டரி வைத்த கேட்ரிட்ஜ் விலை கூடும் என்பதை ஏற்கலாம். 16 பைட்டில் கடவுச்சொல் திரையைச் செருக முடியாது என்பதையும் ஏற்கலாம். ஆனால் வட அமெரிக்கப் பதிப்பில் இதன்மேல் இன்னொரு பூட்டும் போட்டிருக்கிறார்கள்: எளிதான இரண்டு கடினநிலைகளைத் தேர்ந்தெடுப்பவருக்கு முதல் அத்தியாயம் மட்டுமே திறக்கும், இரண்டாவதற்கு நடுத்தர நிலையும் மூன்றாவதற்கு அதற்கு மேற்பட்ட நிலையும் தேவை. புதிதாக ஆடவரும் ஒருவர், நொடிக்குப் பத்து ஃப்ரேம் வேகத்தில், குறி பட்டதா என்று தெரியாத நிலையில், நடுத்தரத்துக்கும் மேற்பட்ட கடினநிலையில் ஆடினால்தான் மூன்றாம் அத்தியாயத்தின் நரகத்தைக் கண்ணால் காண முடியும். அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய சைபர்டெமனையும் ஸ்பைடர் மாஸ்டர்மைண்டையும் வாங்கியவர்களில் பலர் பார்க்காமலேயே போகும்படி ஆக்கியது இந்த விதிதான். இந்த முடிவை எடுத்தவர் யாராக இருந்தாலும், அதற்குச் செயலியையோ நினைவகத்தையோ காரணம் காட்ட முடியாது. 1996இல் இமாஜினியர் வெளியிட்ட ஜப்பானியப் பதிப்பில் எந்த அத்தியாயத்தையும் எந்தக் கடினநிலையிலும் தொடங்கலாம். அதே சில்லு, அதே அளவு கேட்ரிட்ஜ்.

ஒரு சிறு விலகல். வலுக்குறைந்த கருவிக்கு மாற்றும் வேலை எப்போதும் மூலத்தைச் சிதைப்பதாகவே பேசப்படுகிறது. டூமின் வரலாறு அதற்கு நேர்மாறான ஒன்றையும் காட்டுகிறது. டூம் உருவாகிக்கொண்டிருந்தபோது ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் தன் முந்தைய விளையாட்டான வுல்ஃபென்ஸ்டைன் 3டியை இதே சூப்பர் நின்டெண்டோவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. துணைச் சில்லு எதுவும் இல்லாத அந்தப் பதிப்பு மிக மெதுவாக ஓடவே, அந்நிறுவனத்தின் தலைமை நிரலாளர் ஜான் கார்மாக் வரைபடத்தை முன்கூட்டியே கூறுபோட்டு வரிசைப்படுத்தும் பைனரி ஸ்பேஸ் பார்டிஷனிங் முறையை அதில் பயன்படுத்தினார். பிறகு அதே முறையை டூமுக்கும் கொண்டுவந்தார். கணினி டூமின் வேகத்துக்கு இந்த எளிய கன்சோலும் ஒரு காரணம் என்பதை இதன் மங்கிய படத்தைக் கேலி செய்பவர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. வுல்ஃபென்ஸ்டைனில் நாய்களை எலிகளாகவும் இரத்தத்தை வியர்வையாகவும் மாற்றச் சொன்ன அதே நின்டெண்டோ, ஓராண்டு கழித்து டூமைச் செந்நிறக் கேட்ரிட்ஜில் கொம்பும் குடலும் குறையாமல் அனுமதித்தது என்பதும் குறிப்பிடத்தக்கது.

வாங்க நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை ஜப்பானியப் பதிப்பே. தேர்வுப் பட்டியல்களில் உள்ள ஆங்கிலச் சொற்கள் ஆட்டத்தைத் தொடங்கப் போதுமானவை. வட அமெரிக்கக் கன்சோலில் அது ஓடும், ஆனால் கேட்ரிட்ஜின் உருவம் வேறு என்பதால் செருகுவாயின் உள்ளே உள்ள இரண்டு பிளாஸ்டிக் நீட்டங்களை அகற்ற வேண்டும் அல்லது இடைப்பொருத்தி ஒன்று வாங்க வேண்டும். ஓஷன் வெளியிட்ட ஐரோப்பியப் பதிப்பு 50 ஹெர்ட்ஸ் கன்சோல்களுக்கானது. அதைத் தேடிப் போகக் காரணமில்லை. பழைய கன்சோலைக் கணினியில் போலச்செய்யும் எமுலேட்டரில் ஆடுபவர்கள் எந்த இடத்திலும் நிலையைச் சேமித்துக்கொள்ளலாம் என்பதால், மேலே நான் குறைபட்டுக்கொண்டதில் பாதி அவர்களைத் தொடாது. பொறுமை உள்ளவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு: லிண்டனே மறுபடி கைவைத்து, புதிய சில்லுடன், விடுபட்ட கட்டங்களையும் சேர்த்து உருவாக்கும் புதுக் கேட்ரிட்ஜை லிமிட்டெட் ரன் கேம்ஸ் நிறுவனம் 2024இல் அறிவித்தது. அறிவித்தபோது அதன் விலை பழைய கேட்ரிட்ஜைவிட அதிகமாக இருந்ததால், மூன்றாம் அத்தியாயத்தை எளிய நிலையில் பார்த்துவிட வேண்டும் என்பது மட்டுமே நோக்கமாக இருந்தால் ஜப்பானியப் பதிப்பே போதும்.