கதவைப் பார்த்தபடி ஒரு நாற்காலி: கை மறுவாழ்வு மையம் ஒன்றைப் பற்றி

வீசப்பட்ட கத்தியை வெறுங்கையால் பிடித்துத் தடுத்ததில் என் வலது கையின் நடுவிரலையும் மோதிர விரலையும் மடக்கும் தசைநாண்கள் அறுந்துபோயின. கூடவே ஒரு நரம்பும் போயிற்று. அறுவைச் சிகிச்சை நிபுணர் அவற்றைத் தைத்து முடித்துவிட்டு, மீதி வேலைக்கு ஒரு கை மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினார். எழுதிப் பிழைக்கிறவனுக்கு அந்த மீதி வேலைதான் முழு வேலை. ஐந்து மாதங்கள் அங்கே சென்றுவந்த பிறகு இதை எழுதுகிறேன். மையத்தின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லவிருக்கும் குறை அந்த ஓரிடத்துக்கு மட்டும் உரியதாகத் தோன்றவில்லை.

கைத்திறனைப் பொறுத்தவரை அவர்களிடம் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. முதல் நாளே, வெந்நீரில் போட்டதும் ஈரத்துணிபோலத் தொய்ந்துவிடும் ஒரு பிளாஸ்டிக் தகட்டை என் கைமேல் படியவைத்து, அது இறுகும்வரை மணிக்கட்டைத் தம் கையிலேயே ஏந்திக்கொண்டிருந்தார் சிகிச்சையாளர். தூங்கும்போதும் கழற்றாமல் அதை ஆறு வாரங்கள் அணிந்திருந்தேன். தைத்த நாண் அசையாமல் கிடந்தால் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொள்ளும், அவசரப்பட்டு இழுத்தால் மறுபடி அறுந்துவிடும் என்பதால், இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சிகிச்சை முழுவதும் நடக்கிறது. "நாண் வழுக்கணும் சார், இழுபடக் கூடாது" என்று அவர் சொன்னதை வீட்டில் மணிக்கொரு முறை பயிற்சி செய்யும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். பிசைந்த மாவு போன்ற உருண்டையை அழுத்துவது, தழும்பை நீவிவிடுவது ஆகியவை பின்னர் வந்தன. அவை சலிப்பூட்டும், ஆனால் பலன் தரும்.

எழுத்துப் பயிற்சிக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட அக்கறையை விரிவாகவே சொல்ல வேண்டும். தையல் உறுதிப்பட்டதும் பேனாவின்மேல் தடித்த நுரைக்குழாய் ஒன்றை மாட்டிக் கொடுத்தார்கள். பள்ளியில் முதலில் கற்ற ட, ப, ம ஆகியவைதாம் இம்முறையும் முதலில் வந்தன. அவற்றில் பெரும்பாலும் நேர்க்கோடுகளே. சுழி வந்தால் விரல் மறுத்துவிடும். 'ண' எழுதும்போது மூன்றாவது சுழியை அடைவதற்குள் பேனா சாய்ந்துவிடும். 'ஞ' பல வாரங்கள் வரவேயில்லை. சிகிச்சையாளர் எந்த எழுத்தில் கை நின்றுபோகிறது என்று பார்த்து, அதற்கேற்ற விரலசைவை மறுநாள் பயிற்சியில் சேர்த்தார். எகிப்திய நாவலாசிரியர் நகீப் மஹ்ஃபூஸ் 1994 அக்டோபரில் தம் 82ஆம் வயதில் கழுத்தில் குத்துப்பட்டு, வலது கை நரம்பு பாதிக்கப்பட்ட பிறகு, நாளொன்றுக்குச் சிறிது நேரமே எழுத முடிந்தது. நாவல்கள் எழுதிய கையிலிருந்து பின்னர் சில வரிகளில் முடியும் கனவுக் குறிப்புகளே வந்தன. அந்தச் சுருக்கத்தை முன்பு நான் பாணி என்று மட்டும் நினைத்திருந்தேன்.

இனி குறைக்கு வருகிறேன். பயிற்சி மேசையின் முன்னுள்ள நாற்காலி, நுழைவாயிலின் கண்ணாடிக் கதவுக்கு முதுகு காட்டியபடி போடப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் என் தோள் இறுகும், விரல் நிற்கும். என் சிகிச்சைப் பதிவு அட்டையிலோ அன்று விரல் மடங்கிய கோணம் முந்தைய வாரத்தைவிடக் குறைவு என்று பதிவாகும். தொடு உணர்வைச் சோதிக்க மெல்லிய நைலான் இழைகளால் விரல் நுனியைத் தொடுவார்கள். அப்போது கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். வளரும் நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் நகரும் என்பதால் இந்தச் சோதனை திரும்பத் திரும்ப நடக்கும், தவிர்க்க முடியாது. ஆனால் என்னைப் போன்றவன் அந்நியர் நிறைந்த கூடத்தில் கண்ணை மூட மாட்டான். நான் தயங்கிச் சொன்ன பிறகு, கைக்கும் முகத்துக்கும் நடுவே ஓர் அட்டையை நிறுத்திச் சோதித்தார்கள். அவ்வளவுதான் தேவையாக இருந்தது. நாற்காலியையும் திருப்பிப் போட்டார்கள், அடுத்த வாரம் வேறொருவர் வந்து பழையபடி போட்டுவிட்டார்.

இதைவிட உறுத்தியது, புதிதாக வரும் ஒவ்வொரு பயிற்சியாளரும் மற்ற நோயாளிகளின் காதுபட "எப்படி ஆச்சு?" என்று கேட்டதுதான். கதவில் சிக்கிய விரலுக்கு அது சாதாரணக் கேள்வி. மனநல ஆலோசனை பற்றி அங்கே யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நானே தேடிக்கொண்டேன்.

இத்தனைக்கும் பிறகும், நாண் அறுந்தவர்கள் தாமதிக்காமல் இத்தகைய மையத்துக்குச் செல்ல வேண்டும் என்றே சொல்வேன். இப்போது ஒன்றரைப் பக்கம் தொடர்ந்து எழுதுகிறேன் என்றால் அது அவர்களால்தான். தாக்குதலில் தப்பியவர்கள் முதல் நாளே கதவைப் பார்த்த இருக்கையைக் கேளுங்கள். நடந்ததை நான்கு வரிகளில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, கேட்பவரிடம் பேசாமல் நீட்டிவிடுங்கள். என்னுடைய தாள் இடது கையால் எழுதியது. அதையும் இருவர் படிக்க முடியவில்லை என்று திருப்பிக் கொடுத்து, வாயால் சொல்லச் சொன்னார்கள்.