கழிவு எண்ணெய் பூசிய பழைய மரத்தை வாங்காதீர்கள்

யாழ்ப்பாணம் உரும்பிராயில் எங்கள் வீட்டுக் கோடிப்புறத்தில் எட்டு ஊர்க்கோழிகளுக்காகக் கட்டிய கூடு, கட்டி முடித்து நான்கு மாதங்கூட ஆகாத நிலையில், கார்த்திகை மழையில் ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது. சரிந்த பக்கத்தில் வலை கழன்று உண்டான இடைவெளியால் அன்றிரவே மரநாய் நுழைந்து ஐந்து கோழிகளைக் கொன்றது. அவற்றுள் இரண்டு, அம்மா தன் கையால் அடைவைத்துப் பொரிக்கச் செய்து வளர்த்தவை. மழையின்மீதோ மரநாயின்மீதோ நான் பழி போடவில்லை. கூட்டின் தூண்களை எனக்கு விற்றவர் தெரிந்தே ஏமாற்றினார் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

புது மரத்தின் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆகவே பழைய வீடுகளை உடைத்து மரமும் ஓடும் கதவும் தகரமும் விற்கும் ஒருவரிடம் போனோம். ஆறு தூண்கள், இருபத்திரண்டு சலாகைகள், ஆறு தகரங்கள், ஒரு சோடி பழைய யன்னற்கதவுகள் ஆகிய அனைத்தையும் 28,500 ரூபாவுக்குப் பேசி முடித்து, லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். தூண்கள் யாவும் கறுப்பாக, அப்போதுதான் கழிவு எண்ணெய் பூசிய மினுக்கத்துடன் இருந்தன. நான் காரணம் கேட்டபோது, "அண்ணை, இது வன்னி முதிரை. கறையான் ஏறாமல்தான் ஒயில் பூசினது. உங்கட பேரப்பிள்ளையளும் பாவிப்பினம்" என்றார். நிலத்தில் நடும் கட்டைகளுக்குக் கழிவு எண்ணெய் பூசுவது எங்கள் பக்கத்தில் வழமையானது என்பதால், அந்தப் பதிலை நான் சந்தேகிக்கவில்லை.

விழுந்த தூண்களைத் தச்சுவேலை தெரிந்த அயலவர் வாளால் அறுத்துக் காட்டினார். ஆறில் நான்கு தூண்கள் உள்ளே கறையான் தின்று கோறையாகிப் போயிருந்தன. அந்தத் துவாரங்களில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து, மேலே தேய்த்து மட்டப்படுத்தி, அந்த ஒட்டு தெரியாதிருக்கவே எண்ணெய் பூசியிருந்தார்கள். முதிரை பாரமான மரம். அறுத்த முகம் இளமஞ்சளாகப் பளபளக்கும். எங்கள் தூண்களோ வெளிறிய, இலேசான ஏதோ ஒரு மரம். "தம்பி, ஒரு நுனியை அறுத்துக் காட்டச் சொல்லியிருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும்" என்று அவர் சொன்னது இன்னமும் மனதை அறுக்கிறது, ஏனெனில் அதற்கு ஐந்து நிமிடங்கூட ஆகியிராது.

ஆகவே பழைய மரம் வாங்கச் செல்பவர்கள் கைவாளும் ஒரு திருப்புளியும் கொண்டுசெல்லுங்கள். தூணின் இரு நுனிகளையும், முன்பு மண்ணுக்குள் நின்ற பகுதியையும் குத்திப் பாருங்கள். வைரமுள்ள மரத்தில் திருப்புளி இறங்காது. தட்டும்போது பொள்ளென்று ஒலித்தால் எடுக்க வேண்டாம். பனஞ்சலாகையானால் கறுத்த வைரப் பகுதி எவ்வளவு, உள்ளிருக்கும் மென்மையான சோற்றிப் பகுதி எவ்வளவு என்று பாருங்கள், ஏனெனில் சோற்றி மழை ஈரத்தில் விரைவில் உக்கிவிடும். எண்ணெயோ வர்ணமோ புதிதாகப் பூசிய எதையும், விற்பவர் எவ்வளவு நல்ல காரணம் சொன்னாலும், வாங்காதீர்கள்.

யன்னற்கதவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றின் நீல வர்ணம் செதில் செதிலாக உரிந்து விழ, கோழிகள் அதைக் கொத்தித் தின்றன. வர்ணங்களில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி இலங்கையில் 2013 இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய கதவு யன்னல்களில் ஈயம் கலந்த வர்ணம் இருக்கக்கூடும். கோழி தின்ற ஈயம் அதன் முட்டைக்கும் வந்து சேரும். வீட்டில் சிறுபிள்ளைகள் உண்ணும் முட்டை என்பதால், இந்தக் கதவுகளை நானே தெரிவுசெய்தேன் என்ற எண்ணம் என்னை மிகவும் வருத்துகிறது. கழிவு எண்ணெயும் கோழிகள் கொத்தும் இடத்தில் இருக்கக் கூடாத பொருளே.

விற்றவரிடம் அறுத்த துண்டுகளுடன் சென்றேன். "பழைய மரம் எண்டு தெரிஞ்சுதானே வாங்கினனீங்கள்" என்பதற்கு மேல் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பழையது என்று தெரியும். உக்கியதை அடைத்து மறைத்தது என்று தெரியாது. அவர் எழுதித் தந்த துண்டுச்சீட்டில் "மரச்சாமான்" என்ற சொல்லும் மொத்தத் தொகையும் மாத்திரமே உள்ளன, மரத்தின் பெயர் இல்லை. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை என்று 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் கூறுகிறது. மரத்தின் பெயர், நீளம், எண்ணிக்கை ஆகியவற்றை அதில் எழுதுவித்த பின்னரே பணத்தைக் கொடுங்கள். நான் அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு செய்துள்ளேன்.

அறுத்த தூண்களை எறியாமல் வேலியோரம் அடுக்கி வைத்திருக்கிறேன்; முறைப்பாட்டை விசாரிக்க வருபவர்களுக்கு அவற்றைக் காட்ட வேண்டும். எஞ்சிய மூன்று கோழிகளும் இரவில் குசினி விறாந்தையில் கவிழ்த்த கடகத்துக்குள் உறங்குகின்றன.