டேட்டா புக்கும் நானும்: 25 வருடம், ஒரு புது பைண்டிங்

சனிக்கிழமை மதியம் பைண்டிங் கடையிலிருந்து என் டேட்டா புக், அதாவது மெக்கானிக்கல் டிசைனுக்கான அட்டவணைப் புத்தகம், திரும்பி வந்தது. கூலி 180 ரூபாய். சிவப்பு ரெக்சின் அட்டை, முதுகுக்கு உள்ளே காடாத் துணி, பழையபடி நூலில் தையல். கையில் வாங்கியபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. திறந்ததும் வயிறு எரிந்தது. மூன்று பக்கமும் மெஷினில் வைத்துக் கட்டிங் போட்டிருக்கிறார். ஓரத்தில் நான் வருடக்கணக்காகப் பென்சிலில் எழுதி வைத்த குறிப்புகள் பாதிக்குப் பாதி போய்விட்டன. 6205 என்ற பேரிங்குக்கு ஷாஃப்ட் (சுழலும் தண்டு) அளவைக் குறித்த இடத்தில் "6205-க்கு கே6 போது" என்று நிற்கிறது. அந்த 'ம்' கடைக்காரரின் குப்பைக் கூடையில்.

"ஓரமெல்லாம் சுருண்டு அழுக்கா இருந்துச்சுங்க, அதான் நீட்டா வெட்டி உட்டேன்" என்றார். நல்ல மனதோடு செய்தவரை என்னவென்று திட்டுவது? காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே கோபியிலிருந்து அண்ணன் மகன் போன் செய்தான். மெக்கானிக்கல் மூன்றாம் வருடம். "அத்தை, டிசைன் பேப்பருக்கு டேட்டா புக்கு வாங்கச் சொல்றாங்க. வாங்கட்டுங்களா, பிடிஎஃப் இருந்தாப் போதுங்களா?" போனில் ஒரு வரியில் சொல்லி வைத்துவிட்டேன். முழுப் பதில் இது. கொஞ்சம் கோபத்தோடு எழுதுகிறேன், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் புத்தகம் என்று பெயர் எழுதவில்லை. மெக்கானிக்கல் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குத் தெரிந்து ஆகப் போவதும் இல்லை. பாடம் சொல்லிக் கொடுக்கும் புத்தகம் இல்லை இது. சூத்திரம், அட்டவணை, படம், மறுபடி அட்டவணை. ஷாஃப்ட், கியர், பெல்ட், ஸ்பிரிங், பேரிங் என்று அத்தியாயம் அத்தியாயமாக எண்கள். நான் 2000-ல் கோயமுத்தூர் உக்கடம் பழைய புத்தகக் கடையில் 90 ரூபாய்க்கு வாங்கினேன். எனக்கு முன்னால் இன்னொருவர் பரிட்சை எழுதிய பிரதி. அப்புறம் பம்பு கம்பெனியில் டிராயிங் செக்‌ஷன் வேலை. அன்றிலிருந்து மேஜையில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

இத்தனை வருடத்தில் அதன் மேல் எனக்குத் தீராத ஒரே ஒரு ஆத்திரம் உண்டு. கிலோ.

காய்கறிக் கிலோ இல்லை. விசையைக் கிலோவில் சொல்லும் கிலோ. என் பிரதியில் பாதி அட்டவணைகள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று போகும். சில இடத்தில் சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை கிலோ. பின்னால் சேர்த்த பக்கங்களில் மட்டும் நியூட்டன். முதலாவதைச் சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்ற கணக்குக்குக் கொண்டுவர ஏறக்குறையப் பத்தால் வகுக்க வேண்டும், இரண்டாவதைப் பத்தால் பெருக்க வேண்டும். ஒரு பக்கம் புரட்டுவதற்குள் வகுத்தல் பெருக்கலாகிவிடும். அவசரத்தில் மாறிப் போட்டால் விடை நூறு மடங்கு தள்ளிப் போய் நிற்கும். நம் நாட்டில் நியூட்டன் சேர்ந்த எஸ்ஐ என்ற சர்வதேச அலகுகளைச் சட்டமாகக் கொண்டுவந்தது 1976-ல். நான் பிறந்ததே அதற்கப்புறம்தான்.

2003-ல் ஒரு நாள் இதற்கு நான் விலை கொடுத்தேன். ஒரு பார்ட்டிக்காகச் செய்த பம்பு. அவர்கள் இடத்துக்குத் தோதாக ஷாஃப்ட்டைக் கொஞ்சம் நீட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. பேரிங்கிலிருந்து, தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் வரை 170 மி.மீ. அந்தரத்தில் நிற்கும். ஷாஃப்ட் விட்டம் 20 மி.மீ. தண்ணீர் பக்கவாட்டில் தள்ளும் விசை 200 நியூட்டன் என்று எடுத்துக்கொண்டேன். நுனி எவ்வளவு வளையும் என்று பார்க்க வேண்டும். ரெண்டாம் வருடப் பிள்ளைகள் போடுகிற கணக்குதான். அதற்கு உருக்கின் யங் குணகம், அதாவது வளையாமல் எவ்வளவு விறைப்பாக நிற்கும் என்ற எண், வேண்டும். புத்தகத்தைத் திறந்தேன். 2.1 பெருக்கல் பத்தின் ஆறாம் அடுக்கு. அப்படியே எடுத்துப் போட்டேன். வளைவு 0.02 மி.மீ. என்று வந்தது. ரொம்ப நல்லது என்று டிராயிங்கில் கையெழுத்துப் போட்டுக் கீழே அனுப்பினேன்.

ஆறாம் அடுக்கு என்பது சதுர சென்டிமீட்டருக்குக் கிலோவில். நான் மற்ற எல்லாவற்றையும் நியூட்டனிலும் மில்லிமீட்டரிலும் போட்டிருந்தேன். அதற்கு ஐந்தாம் அடுக்கு வர வேண்டும். நிஜ வளைவு 0.2 மி.மீ. இம்பெல்லருக்கும் அதைச் சுற்றிய கேசிங் (பம்பின் கூடு) ரிங்குக்கும் நடுவில் ஒரு பக்கத்துக்கு நாங்கள் விட்டிருந்த இடைவெளியோ 0.15.

டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி ஓட்டிய அன்று நானும் பக்கத்தில் நின்றேன். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, மோட்டார் சத்தம்தான் கேட்டது. எங்கள் ஃபிட்டர் அண்ணன் ஒரு ஸ்குரு டிரைவரை எடுத்து நுனியைக் கேசிங் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டார். "அம்மிணி, உள்ள ஒரசுதுங்க. நிறுத்தச் சொல்லுங்க." பிரித்துப் பார்த்தால் வெண்கல ரிங்கில் ஒரு பக்கம் மட்டும் பிறை நிலா மாதிரிப் பளபளவென்று தேய்ந்திருந்தது. ஷாஃப்ட்டை 30 மி.மீ. ஆக்கினோம். விட்டம் ஒன்றரை மடங்கு ஏறினால் விறைப்பு ஐந்து மடங்கு ஏறும், வளைவு 0.04-க்கு இறங்கியது. பேரிங் 6206 ஆனது, பேரிங் உட்காரும் ஹவுசிங்கின் பேட்டர்னை (வார்ப்பு மாதிரியை) மாற்ற வேண்டி வந்தது, பார்ட்டிக்குப் பத்து நாள் தாமதம்.

தப்பு என்னுடையதுதான். அட்டவணைத் தலைப்பில் அலகு இருந்தது, பொடி எழுத்தில். யாரும் ஒளித்து வைக்கவில்லை. அன்று சாயங்காலம் அந்த எண்ணுக்கு நேராக, வலது ஓரத்தில், சிவப்பு மையில் எழுதினேன்: "நியூட்டனுக்கு 5". மற்றதெல்லாம் பென்சில். அது ஒன்றுதான் மை.

இதையே வேறு மாதிரியும் சொல்லலாம், சொல்லாவிட்டால் அநியாயம். கோயமுத்தூரில் கிலோ இன்னும் சாகவில்லை. டெஸ்ட் பெஞ்சில் நிற்கும் பையனைக் கேட்டால் "ரெண்டு கிலோ பிரஷர் காட்டுதுங்க" என்பான். ரெண்டு கிலோ என்றால் 20 மீட்டர் ஹெட், அதாவது தண்ணீர் ஏறும் உயரம், என்று எனக்கு யோசிக்காமலே ஓடும், ஏனென்றால் பத்து மீட்டர் தண்ணீர் நின்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. பம்புக்காரர்களுக்கு இதைவிட வசதியான அலகு கிடையாது. அதே தெருவில் டயர் கடைக்காரர் பவுண்டில் காற்றடிப்பார். லேத்து பட்டறையில் பெரியவர் ஒருவர் இன்னும் "ஒரு நூல் எடுத்துரட்டுங்களா?" என்று கேட்பார். நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பொள்ளாச்சியிலிருந்து வரும் விவசாயி கிணற்றின் ஆழத்தை அடியில் சொல்லி மோட்டாரை எச்.பி.யில் கேட்பார். இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு புத்தகத்தை மட்டும் குற்றம் சொன்னால் எப்படி என்று எங்கள் மேனேஜர் ஒருமுறை கேட்டார். அவர் சொன்னது சரிதான். ஆனால் டயர் கடைக்காரர் சொல்வதை நம்பி நான் ஷாஃப்ட் போடுவதில்லையே.

71620 என்று ஒரு எண்ணும் உண்டு. எச்.பி.யை இதனால் பெருக்கிச் சுற்று வேகத்தால் வகுத்தால் முறுக்கு விசை கிலோ-சென்டிமீட்டரில் வரும். எங்கிருந்து வந்த எண் என்று புத்தகம் சொல்லாது. கல்லூரியில் மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்தோம். வேலைக்கு வந்த பிறகு ஒரு மத்தியான நேரத்தில் நானே பிரித்துப் பார்த்தேன். ஒரு எச்.பி. என்பது 75 கிலோவை வினாடிக்கு ஒரு மீட்டர் தூக்கும் திறன். அந்த 75-ஐ அறுபதால் பெருக்கி, இரண்டு பையால் (2π) வகுத்து, மீட்டரைச் சென்டிமீட்டர் ஆக்கினால் 71620. இதை ஒரு வரியில் அச்சடித்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? என்னிடம் யாராவது வேலை பழக வந்தால் முதல் வாரம் இந்த எண்ணைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்வேன். பாதிப் பேர் கூகுளைத் திறப்பார்கள்.

சரி, நல்லதற்கு வருகிறேன்.

என் புத்தகத்தை மேஜையில் நிறுத்திக் கையை விட்டால் தானாக ஒரே இடத்தில்தான் திறக்கும். ஃபிட்ஸ் அட்டவணை. துளையும் ஷாஃப்ட்டும் எவ்வளவு கூடலாம், குறையலாம் என்று சொல்வது. அந்த நாலைந்து பக்கங்களின் கீழ் மூலை எண்ணெய் ஏறிக் கண்ணாடித்தாள் மாதிரி ஆகிவிட்டது, பின்பக்கத்து எண்கள் முன்னால் தெரியும். இடது ஓரத்தில் அளவு வரிசை: 10-க்கு மேல் 18 வரை, 18-க்கு மேல் 30 வரை, இப்படி. மேலே எழுத்தும் எண்ணும். துளைக்கு எச்7 என்றால், 25 மி.மீ. துளை 18-க்கு மேல் 30 வரை உள்ள வரிசையில் விழும். விரலை அப்படியே இழுத்தால் மேலே 21, கீழே சைபர். துளை சரியாக 25 இருக்கலாம், அதற்கு மேல் 21 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரை போகலாம், அவ்வளவுதான். அதில் சுற்ற வேண்டிய ஷாஃப்ட்டுக்கு ஜி6 கொடுத்தால் 7-லிருந்து 20 மைக்ரான் வரை குறைவு. பேரிங் உட்கார வேண்டிய ஷாஃப்ட்டுக்குக் கே6 கொடுத்தால் 2-லிருந்து 15 மைக்ரான் வரை அதிகம்.

இதில் என்ன பெரிய ஆனந்தம் என்று தோன்றலாம். கணபதி பகுதியில் ஒருவர் துளை போடுகிறார். குறிச்சியில் இன்னொருவர் ஷாஃப்ட் கடைகிறார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. இரண்டும் எங்கள் அசெம்பிளி மேஜைக்கு வந்து சேரும்போது கையால் தள்ளினால் மெதுவாகக் காற்றை வெளியே தள்ளிக்கொண்டு உள்ளே போகும், ஆட்டம் இருக்காது. முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் மூன்று முறை உருவி உருவிப் போட்டேன். இன்றைக்கும் புதுசாக வந்தவர்கள் யாராவது அப்படிப் போட்டுப் பார்த்தால் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

லேத்துக்காரர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் போன் செய்வார்கள். "அம்மிணி, 6205-க்கு ஷாஃப்ட்டு எவ்வளவு வுடோணும்?" ரெண்டு மைக்ரானுக்குக் குறையாமல், பதினைந்துக்கு மேல் போகாமல் என்பேன். "அப்போ அரை தௌ டைட்டு" என்று வைத்துவிடுவார். ஒரு தௌ என்பது 25 மைக்ரானுக்குச் சற்று மேலே, அரை தௌ என்றால் கிட்டத்தட்ட 13. சரியாக நடுவில் இல்லை, ஆனால் உள்ளேதான் விழுகிறது. புத்தகத்தைத் திறந்து ஒரு தடவைகூட அவர் பார்த்ததில்லை.

பிடிஎஃப் பற்றிக் கேட்டான். சுற்றில் இருப்பதெல்லாம் யாரோ ஸ்கேன் செய்தது. தேடினால் வார்த்தை கிடைக்காது. ஃபிட்ஸ் பக்கத்தில் 5-க்கும் 6-க்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு மங்கல். போன் திரையில் வரிசையைப் பெரிதாக்கினால் தலைப்பு மறைந்துவிடும், தலைப்பைப் பார்த்தால் வரிசை போய்விடும். அலகு எழுதியிருப்பது தலைப்பில்தான் என்று மேலே சொன்னேன். தவிர, பரிட்சை ஹாலுக்குள் போனை விட மாட்டார்கள்.

பரிட்சை என்றதும் ஞாபகம் வருகிறது. ஹாலுக்குள் கொண்டுபோகும் பிரதியில் எதுவும் எழுதியிருக்கக் கூடாது. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்ப்பார்கள். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் பென்சிலில் எழுதி அழித்திருக்கிறார், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தடம் தெரியும். எங்களுடைய பரிட்சையில் மேற்பார்வைக்கு வந்தவர் அதைக்கூடச் சாய்த்துப் பார்த்தார். அதாவது அலகு மாற்றும் சூத்திரத்தைப் புத்தகமும் அந்தந்தப் பக்கத்தில் தராது, நாமும் எழுதிக்கொள்ளக் கூடாது. நாலு வருடம் இப்படி வெறும் ஓரத்தோடு பழகிவிட்டு வந்தவர்தான் 2003-ல் ஆறாம் அடுக்கைப் போட்டார்.

மார்க் போடச் சொன்னால் இந்த வாரம் ஐந்துக்கு இரண்டு. போன வாரம் கேட்டிருந்தால் நாலு சொல்லியிருப்பேன். பைண்டர் செய்ததற்குப் புத்தகம் என்ன செய்யும் என்று கேட்காதீர்கள். என்னைப் பொறுத்தவரை அந்தப் புத்தகத்தில் பாதி, ஓரத்தில் இருந்தது.

அண்ணன் மகனுக்குப் போனில் சொன்னது: "புதுசு வாங்காதே சாமி. உக்கடத்துல பழசு பாரு, நம்பர் எல்லாம் அதேதான்." உடனே, "அப்போ உங்களுதையே குடுத்துருங்களேன் அத்தை, பைண்டிங் எல்லாம் புதுசுதானுங்களே" என்றான். மேற்பார்வையாளர் விட மாட்டார் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதுவும் உண்மைதான்.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு யங் குணகப் பக்கத்தைத் திறந்தேன். "நியூட்டனுக்கு" என்பது இருக்கிறது. 5 இல்லை. கத்தி சரியாக அங்கே இறங்கியிருக்கிறது. சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தேன். இந்தத் தடவை ஓரத்துக்கே போகவில்லை. அச்சில் இருந்த 6-ஐ ஒரு கோடு போட்டு அடித்து, அதன் தலை மேலேயே எழுதினேன்.