புதுத் தளத்துக்கு ஆள் வர: விளம்பரமா, தேடலா, மேப்பா, வாட்ஸ்அப்பா?

கோவில்பட்டியில் கடலை மிட்டாய் போடும் ஒருவர், கூரியரில் விற்பதற்காகப் புதிதாகத் தளம் திறந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் அது. பெயர் சொல்லித் தேடுபவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயருக்குப் பெரிய ஆன்லைன் கடைகளோடு மோத வேண்டும். கையில் மாதம் ரூ.5,000. எதில் போடுவது?

எதில் போடுவதற்கும் முன்னால், தளம் கூகுளுக்குத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். வேர்ட்பிரஸில் தளம் கட்டும்போது ‘தேடுபொறிகள் வர வேண்டாம்’ என்ற பெட்டியில் டிக் போட்டுவிட்டு, திறந்த பிறகும் எடுக்க மறப்பது வாடிக்கை. செட்டிங்ஸில் ரீடிங் பக்கத்தில் இருக்கிறது அது. பிறகு, தேடலில் தளம் எப்படி நிற்கிறது என்று காட்டும் கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் டொமைனை, அதாவது தளத்தின் பெயரைச் சேர்த்து, அந்தப் பெயருக்கான டிஎன்எஸ் அமைப்பில் கூகுள் தரும் வரியை (டிஎக்ஸ்டி ரெக்கார்டு) போட்டு உங்கள் தளம்தான் என்று உறுதிசெய்து, பக்கங்களின் பட்டியலான சைட்மேப்பைக் கொடுங்கள். மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கின் வெப்மாஸ்டர் டூல்ஸ் இதே விவரத்தை அங்கிருந்தே இறக்கிக்கொள்ளும்; தனி உழைப்பு வேண்டாம்.

கூகுள் ஆட்ஸ்

இன்று பணம் கட்டினால் பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆள் வரும். நிறுத்தினால் அன்றே நிற்கும். விளம்பரம் கொடுத்தால் சாதாரணத் தேடலிலும் இடம் ஏறும் என்று சொல்லும் ஏஜென்சிகளை நம்ப வேண்டாம், இரண்டுக்கும் தொடர்பில்லை.

ரூ.5,000-இல் 18% ஜிஎஸ்டி போனால் மிஞ்சுவது சுமார் ரூ.4,240. கூகுள் ஒரே நாளில் தினசரி பட்ஜெட்டைப் போல இரண்டு மடங்குவரை செலவழிக்கலாம். மாதத்துக்கு மட்டும் 30.4 மடங்கைத் தாண்டாது. ஆகவே தினசரித் தொகை ரூ.139. ஒரு கிளிக் ரூ.7 என்றும், நூறு பேரில் இருவர் வாங்குவார்கள் என்றும் வைத்தால், 600 கிளிக், 12 ஆர்டர். ஓர் ஆர்டருக்கு விளம்பரச் செலவே ரூ.350. ஒரு கிலோ பாக்கெட்டில் எந்த மிட்டாய்க்காரருக்கும் இது கட்டுப்படியாகாது. கல்யாணத்துக்குப் பத்து கிலோ கேட்பவர் வந்தால் கட்டுப்படியாகலாம். அதனால் விற்பனைக்காக ஓட்டும் விளம்பரத்தை மொத்த ஆர்டர், தாம்பூலப் பை, பரிசுப் பெட்டி போன்ற சொற்களுக்கு மட்டும் கட்டிப் போடுங்கள்.

பணம் ஒழுகும் ஓட்டைகள் மூன்று. டிஸ்பிளே நெட்வொர்க்கும் (பிற தளங்களில் காட்டும் விளம்பரம்) சர்ச் பார்ட்னர்ஸும் (கூகுளோடு சேர்ந்த பிற தேடல் தளங்கள்) முதலிலேயே டிக் ஆகியிருக்கும், எடுத்துவிடுங்கள். இடத் தேர்வு, அந்த ஊரில் ‘ஆர்வமுள்ளவர்களையும்’ சேர்த்துக்கொள்ளும். அங்கே இருப்பவர்கள் மட்டும் என்று மாற்றுங்கள். தொடர்புள்ள தேடல்களுக்கெல்லாம் விளம்பரம் காட்டும் பிராட் மேட்ச்சில் விட்டால் ‘கடலை மிட்டாய் செய்வது எப்படி’ என்று தேடுபவருக்கும் சேர்த்துக் காசு போகும். ‘செய்முறை’, ‘ரெசிபி’ ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் நெகடிவ் சொற்களாக, அதாவது விளம்பரம் வரக்கூடாத சொற்களாகப் போட்டுவிட வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் முதல் ஒரு மாதம் மட்டும் மற்ற சொற்களையும் சேர்த்து விளம்பரம் ஓட்டச் சொல்வோம். விற்பனைக்காக அல்ல, சர்ச் டெர்ம்ஸ் அறிக்கைக்காக. வாங்க வந்தவர்கள் எந்தச் சொல்லைத் தட்டி வந்தார்கள் என்று அதில் தெரியும். சிலரே தேடிய சொற்களை கூகுள் மறைத்துவிடும். மிச்சமிருப்பதே போதும்.

தேடலில் இயல்பாக ஏறுவது

காசு குறைவு, காத்திருப்பு அதிகம். வாரக்கணக்கில் அசைவே தெரியாது. ஆனால் ஒருமுறை ஏறிய பக்கம், விளம்பரத்தை நிறுத்திய மறுநாளும் ஆள் கொண்டுவரும்.

அந்த அறிக்கையில் கிடைத்த ஒவ்வொரு தேவைக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள். ‘கல்யாணத்துக்கு மொத்தமாக’ என்ற பக்கத்தில் குறைந்தபட்ச அளவு, கிலோ விலை, எத்தனை நாள் நமுத்துப் போகாமல் இருக்கும், சென்னைக்குக் கூரியர் கட்டணம், எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் இருக்கட்டும். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி முப்பது பக்கம் போடுவது கூகுளின் ஸ்பேம் விதிக்குள் நேராக விழும்.

தமிழ்த் தளங்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பக்க முகவரியில் தமிழ் வைத்தால் ஒவ்வொரு யூனிகோட் குறியும் (கணினி ஓர் எழுத்தையோ அதன் துணைக்குறியையோ சேமிக்கும் அலகு) 9 எழுத்தாக விரியும். ‘கோ’ என்பது இரண்டு குறி, ஆக 18 எழுத்து. வேர்ட்பிரஸ் முகவரியை 200 எழுத்தில் வெட்டிவிடும். அதாவது 22 குறி, இரண்டு மூன்று சொல்லுக்குள் முடிந்துவிடும். முகவரியை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைத்து, தலைப்பிலும் உள்ளேயும் தமிழ் எழுதுங்கள். பலர் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் தட்டுவதால் அந்த வடிவமும் ஓரிடத்தில் இருக்க வேண்டும்.

சர்ச் கன்சோல் ‘கிரால்ட், கரன்ட்லி நாட் இன்டெக்ஸ்ட்’ என்று காட்டினால், கூகுள் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு இப்போதைக்கு வேண்டாமென்று வைத்துவிட்டது என்று பொருள். மறுபடி மறுபடி விண்ணப்பித்துப் பயனில்லை. பக்கத்தில் சரக்கு சேர்த்து, முகப்பிலிருந்து இணைப்புக் கொடுங்கள்.

கூகுள் மேப்

இலவசம். பொருத்தம், தூரம், பிரபலம் என்ற மூன்றை வைத்துத்தான் வரிசை அமையும். ஊருக்கு வந்து இறங்குபவரைக் கடைக்கு அழைத்துவரும்; டெல்லியில் இருப்பவரிடம் கொண்டுசேர்க்காது. வாடிக்கையாளரை நேரில் பார்க்காத வெறும் ஆன்லைன் விற்பனைக்கு இந்தப் பதிவே கிடையாது. கடைப் பெயரோடு ‘பெஸ்ட் கடலை மிட்டாய்’ என்று ஒட்டினால் பதிவை முடக்கிவிடக்கூடும். ரிவ்யூ எழுதினால் தள்ளுபடி என்பதும் விதிமீறல்தான்.

வாட்ஸ்அப்

ஏற்கெனவே வாங்கியவரை மறுபடி வாங்க வைப்பதில் மற்ற மூன்றும் இதன் கிட்டே வராது. புது ஆளைக் கொண்டுவருவதில் பலவீனம்: ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான், அதிலும் உங்கள் எண்ணைச் சேமித்தவருக்கு மட்டுமே போய்ச் சேரும். பார்சலுக்குள் ‘இந்த எண்ணைச் சேமியுங்கள்’ என்று ஒரு சீட்டுப் போடுவது நல்ல வழி. அனுப்பும் இணைப்பில் எங்கிருந்து வந்தது என்று சொல்லும் யுடிஎம் குறி சேர்க்காவிட்டால், இந்த வருகையெல்லாம் தள வருகையை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸில் ‘டைரக்ட்’ (நேரடி வருகை) கணக்கில் போய்விடும். எது வேலை செய்தது என்றே தெரியாது.

விலைக்கு வாங்கும் பேக்லிங்க்

பிற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் இணைப்புதான் பேக்லிங்க். அதை விலைக்கு வாங்க வேண்டாம். பெரும்பாலானவற்றை கூகுளின் ஸ்பேம் தடுப்பு அமைப்பான ஸ்பேம்பிரெயின் கண்டுபிடித்துக் கணக்கில் எடுக்காமல் விடும்; அப்போது காசு போச்சு என்பதோடு முடியும். கூகுள் ஊழியர் பார்த்துத் தரும் தண்டனையான மேனுவல் ஆக்‌ஷன் வந்தால் தளமே தேடலிலிருந்து இறங்கலாம்.

ஆகவே, முதல் மாதம் முழுத் தொகையும் ஆட்ஸுக்கு. மேப் பதிவும் வாட்ஸ்அப் சீட்டும் கூடவே நடக்கட்டும். இரண்டாம் மாதம் விளம்பரத்தை மொத்த ஆர்டர் சொற்களுக்கு மட்டும் சுருக்கி, மிச்சத்தைப் பக்கம் எழுதவும் நல்ல படம் எடுக்கவும் செலவிடுங்கள். மூன்று மாதம் கழித்து சர்ச் கன்சோலில் சராசரி இடம் 8-லிருந்து 20-க்குள் நிற்கும் சொற்களை வடிகட்டி எடுத்து, அந்தப் பக்கங்களை முதலில் திருத்துங்கள். 60-ஆம் இடத்தில் கிடப்பவை பிறகு.