மாத்திரைக்கு முன்னால் பாட்டில்

கனடாவிலிருந்து கல்லிடைக்குறிச்சிக்கு வந்த ஒன்பதாவது நாள் நீர்க்கடுப்பு ஆரம்பித்தது. காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. திருச்செந்தூர், சங்கரன்கோவில், நாகர்கோவிலில் ஒரு கல்யாணம் என்று நாலு நாள் காரிலேயே சுற்றினோம். வழியில் இருக்கும் கழிப்பறைகளுக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்தேன், வந்ததையும் அடக்கினேன். ஊருக்கு வந்து போகிற பெண்களுக்கு இந்தக் கணக்கு தெரியும்.

அம்மா பார்லி கஞ்சி காய்ச்சினாள். "சூடுளா, ரெண்டு நாள்ல போயிரும்" என்றாள். எனக்குப் பொறுமை இல்லை. தெரு முனை மெடிக்கலில் போய்ச் சொன்னேன். கடைத் தம்பி ஒரு வார்த்தை கேட்காமல் செஃபிக்ஸைம் என்கிற ஆன்டிபயாடிக், ஆறு மாத்திரையை வெட்டிக் கொடுத்தான். அட்டையின் பின்னால் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிட்டிருந்தது. 2014 முதல் இந்த வகை மருந்தைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, சீட்டோடு விற்றாலும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். அவனும் எழுதவில்லை, நானும் சீட்டு கொண்டு போகவில்லை. குற்றத்தில் ஆளுக்குப் பாதி.

ராத்திரி ஒன்று, காலையில் ஒன்று போட்டேன். மத்தியானம் கட்டில் ஆடுகிற மாதிரி குளிர். வலது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கம், கட்டை விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருப்பது போல் வலி. மைனிதான் அம்மாவை ஓரங்கட்டிவிட்டு என்னைக் காரில் ஏற்றினாள். சேரன்மகாதேவி வழியாகப் பாளையங்கோட்டை போய்ச் சேர ஒரு மணி நேரம்.

பாளையங்கோட்டையில் ஹைகிரவுண்டு பகுதி எனக்குப் புதிதில்லை. 1965இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியின் பெரிய ஆஸ்பத்திரி அங்கேதான், நான் பிறந்ததும் அங்கேதான். மைனிக்குத் தெரிந்த தனியார் மருத்துவரிடம் போனோம். அவர் முதுகில் விலா முடிகிற இடத்தில் கையை வைத்து, மேலே லேசாக ஒரு குத்து குத்தினார். இடது பக்கம் ஒன்றுமில்லை. வலது பக்கம் கத்திவிட்டேன். "சிறுநீரகத்துக்கு ஏறிருச்சும்மா" என்று டெஸ்ட் எழுத ஆரம்பித்தார். யூரின் ரொட்டீன், கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கிற யூரின் கல்ச்சர், ரத்த அணுக்கள், அழற்சியைக் காட்டும் சிஆர்பி, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், சர்க்கரை, ஒரு ஸ்கேன். நாற்பத்தோரு வயதில் கர்ப்பப் பரிசோதனையும். ஊசியும் ஸ்கேனும் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்பதற்கு அது தெரிய வேண்டுமாம்.

லேபில் இருந்த பெண்ணை மறக்க மாட்டேன். ரொட்டீனுக்கு ஒரு டப்பா, கல்ச்சருக்கு உறை பிரிக்காத தனி டப்பா. "மூடிக்கு உள்பக்கம் தொட்டுராதீங்கக்கா. தண்ணி விட்டுக் கழுவிட்டு, முதல்ல வாறத விட்டுருங்க, நடுவுல வாறத மட்டும் பிடிங்க." கனடாவில் இதைச் சுவரில் படம் போட்டு ஒட்டியிருப்பார்கள், ஒரு தடவைகூட எனக்கு இவ்வளவு தெளிவாகப் புரிந்ததில்லை. டப்பாவை வாங்கியதும், "மாத்திரை ஏதும் போட்டீங்களா?" என்றாள். ரெண்டு என்றேன். ஒன்றும் சொல்லாமல் சீட்டில் எழுதிக்கொண்டாள்.

மைனி ஒரு கேள்வி கேட்டாள், அது எனக்குத் தோன்றியிருக்காது. "கல்ச்சர் இங்கயே போடுவீங்களா, வெளியூருக்கு அனுப்புவீங்களா?" அங்கேயே போடுவார்கள் என்றாள் அந்தப் பெண். சிறுநீரை ரெண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்தால் இருக்கிற கிருமியெல்லாம் பெருகிக் கணக்கு கெட்டுவிடும், இல்லையென்றால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். சின்ன ஊர்களில் சாம்பிளை மட்டும் வாங்கி, சாயங்கால வண்டியில் அனுப்பும் இடங்கள் உண்டு.

வேகத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ரத்தம் கொடுத்த ரெண்டே மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட். வெள்ளை அணு 17,400, ரொம்ப அதிகம். சிறுநீரில் சீழ் அணு எண்ண முடியாத அளவு. கிரியேட்டினின் சரியாகவே இருந்தது. நான் இருக்கும் இடத்தில் மருத்துவர் சீட்டு இல்லாமல் லேப் வாசலை மிதிக்க முடியாது. இங்கே பல் தேய்க்காமல் போனாலும் கையை நீட்டச் சொல்வார்கள். அந்தத் தாராளத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. கனடா என்று வாயைத் திறந்ததும் கவுண்டரில் இருந்தவர் தைராய்டு, வைட்டமின் டி, கொழுப்பு எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ் அட்டையை நீட்டினார். நடுங்கிக்கொண்டிருந்தவளிடம்! மைனி அட்டையைத் திருப்பி அவர் பக்கமே தள்ளிவிட்டாள்.

ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிறைய வேண்டும் என்று ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். நாலு நாளாக அடக்கியவளுக்கு மறுபடியும் அடக்கும் வேலை. சுவரில் 'ஆணா பெண்ணா என்று கூறப்படாது' பலகையை ஏழெட்டு தடவை படித்தேன். கல் இல்லை, அடைப்பு இல்லை, வலது சிறுநீரகம் லேசாக வீங்கியிருந்தது. அடைப்பு இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த ஸ்கேன், தொற்று இருந்தும் படம் சுத்தமாக வருவதுண்டு என்றார் மருத்துவர். மூன்று நாளில் காய்ச்சல் இறங்காவிட்டால் சிடி எடுக்கலாம் என்றும் சொன்னார்.

செஃப்ட்ரியாக்ஸோன் என்கிற ஆன்டிபயாடிக் ஊசி தொடங்கியது. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அன்றைக்கே கல்ச்சரும் வந்தது. வளர்ச்சி இல்லை.

சீழ் அத்தனை இருந்தும் தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை. என்னுடைய ரெண்டு மாத்திரை கிருமியை ஒழிக்கவில்லை, தட்டில் முளைக்க விடாமல் மட்டும் அமுக்கிவிட்டது. இந்தத் தொற்றுக்குக் காரணம் பெரும்பாலும் ஈகோலை என்கிற கிருமிதான், ஆனால் நம் ஊர் ஈகோலை பல மாத்திரைகளுக்கு மசியாது. எதற்கு மசியும் என்று சொல்வதே கல்ச்சர்தான். அது தெரிந்திருந்தால் வீட்டில் மாத்திரை விழுங்கிக்கொண்டு கிடந்திருப்பேன். தெரியாததால் ஏழு நாளும் ஊசி, தினமும் அம்பாசமுத்திரத்துக்கு ஆட்டோ. பாபநாசத்தில் குளிக்கிற திட்டம் போச்சு. "பாட்டில ரொப்பிட்டு மாத்திரையப் போட்டிருக்கலாம்லா" என்றார் மருத்துவர். திட்டாமல்தான் சொன்னார்.

கிளம்புகிற அன்று உப்புச் சர்க்கரைப் பொட்டலம் வாங்க அதே மெடிக்கலுக்குப் போனேன்.

"என்னக்கா, மாத்திரை கேட்டுச்சா?"

"கேட்டுச்சு தம்பி. கல்ச்சருக்கு."

அவனுக்குப் புரியவில்லை. மீதி நாலு மாத்திரை இன்னும் என் கைப்பையில்தான் கிடக்கிறது.