அம்மாவுக்காக யார் பேசுவது? அற்றோணியா, விருப்பக் கடிதமா, நீதிமன்றமா?

என் பெரியம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து நினைவு தப்பிய அன்று, அவருடைய மகள் ஒரு பிளாஸ்டிக் கவரை நெஞ்சோடு அணைத்தபடி வார்ட் வாசலில் நின்றார். உள்ளே இருந்தது அற்றோணித் தத்துவம், அதாவது தனக்குப் பதிலாக அலுவல் பார்க்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம், இரண்டு வருடங்களுக்கு முன் காணி அலுவலுக்காகப் பெரியம்மா எழுதிக்கொடுத்தது. வென்டிலேட்டர் போடுவதா என்று டொக்டர் கேட்டதும் அக்கா அதைத்தான் நீட்டினார். டொக்டர் பொறுமையாக வாசித்தார். காணி, வங்கி, வாடகை, வழக்கு என்று எல்லாம் இருந்தன. வைத்தியம் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதற்குள் கட்டாரிலிருந்து அண்ணன், "கொழும்புக்கு ஏத்துங்க" என்கிறார். சுவிஸிலிருந்து தம்பி, "அம்மாவ அலைக்கழிக்காதீங்க" என்கிறார். பெரியம்மா என்ன விரும்பினார்? அவருக்கு நினைவு இருந்த காலத்தில் நாங்கள் யாருமே கேட்டு வைக்கவில்லை.

அதற்குப் பிறகு என் அம்மாவுக்காக இந்த வழிகளை ஒவ்வொன்றாக விசாரித்தேன்.

முதலில் அற்றோணித் தத்துவம். இலங்கையில் இது 1902ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் நிற்பது, 2022இல் திருத்தப்பட்டது. அடிப்படையில் சொத்துக்கும் பணத்துக்குமான பத்திரம். நான் செய்யக்கூடியதை எனக்குப் பதிலாக இன்னொருவர் செய்யலாம் என்பதுதான் இதன் கருத்து. அதனால், எழுதிக்கொடுத்தவரே முடிவெடுக்கும் புத்தியை இழந்துவிட்டால், அவர் கொடுத்த அதிகாரமும் அத்தோடு நின்றுவிடும். அதாவது நமக்கு எந்த நாளில் தேவையோ, அந்த நாளில்தான் இது கைவிடும்.

இங்கேதான் வெளிநாட்டு உறவுகளின் ஆலோசனை நம்மைக் குழப்புகிறது. இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டப்படி சுகாதாரத்துக்கென்றே தனிப் பத்திரம் எழுதலாம். எழுதியவர் தானே முடிவெடுக்க முடியாத நிலைக்கு வந்த பிறகுதான் அது வேலை செய்யத் தொடங்கும். நம்முடையதற்கு நேர் எதிர். கனடாவில் ஒன்டாரியோவிலும் உடல் பராமரிப்புக்கென்று வேறு பத்திரம் உண்டு. இலங்கையில் அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. லண்டன் மச்சான் "ஒரு பவர் எழுதி வையுங்க" என்று சொன்னால் அவர் சொல்வது பொய்யல்ல. அவர் இருக்கும் நாட்டுக்கு அது சரி.

அதற்காக அற்றோணி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இடுப்பெலும்பு முறிந்து, புத்தி தெளிவாகப் படுக்கையில் கிடக்கும் ஒருவருக்கு வங்கி அலுவலுக்கும் சத்திரசிகிச்சைச் செலவுக்கும் இது மிகவும் உதவும். ஆனால் "எல்லா அதிகாரமும்" என்று எழுதிக் கொடுக்க வேண்டாம். வீட்டையும் காணியையும் விற்கும் அதிகாரம் தேவையில்லை என்றால், அதை விட்டுவிட்டு எழுதும்படி நொத்தாரிசிடம் சொல்லுங்கள். அற்றோணி என்றாலே வயதானவர்கள் பயப்படுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

அடுத்தது விருப்பக் கடிதம், நினைவு தப்பினால் தனக்கு என்ன வைத்தியம் வேண்டும், என்ன வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான், சட்டபலம் குறைவாக இருந்தும்கூட. இதற்கென்று அரச படிவம் எதுவும் இல்லை, டொக்டரைக் கட்டாயப்படுத்தவும் இது முடியாது. அவசரத்தில் உயிரைக் காப்பாற்ற அவர் யாருடைய கையெழுத்துக்கும் காத்திருக்கத் தேவையும் இல்லை. உயிரை முடித்துவிடும்படி கேட்டு எழுதுவதற்கும் இங்கே இடமில்லை. ஆனால் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்போது, நோயாளியே தன் கைப்பட எழுதியதைப் போல் டொக்டருக்கு உதவுவது வேறொன்றும் இல்லை.

அதில் என்ன இருக்க வேண்டும்? எனக்காகப் பேசுபவர் இன்னார், அவர் இல்லையென்றால் இன்னார். மீள வழியில்லை என்று தெரிந்த பிறகும் மெஷினில் வைத்திருக்கலாமா? மூக்கால் குழாய் விட்டுச் சாப்பாடு கொடுக்கலாமா? தூர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா? கடைசி மூச்சு வீட்டில் போக வேண்டுமா? திகதி, கையொப்பம், சொத்தில் பங்கில்லாத இரண்டு சாட்சிகள். தமிழில் எழுதுங்கள், கூடவே சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு பக்கம் வையுங்கள். அம்பாறை ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டியில் இருப்பவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் போகலாம். பிரதியைக் காணி உறுதிகளோடு அலுமாரியில் பூட்டாமல் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள்.

இதில் பெயர் குறிப்பிடுவதுதான் நம் பக்கத்தில் கஷ்டமான இடம். மட்டக்களப்பிலும் சரி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் முஸ்லிம் குடும்பங்களிலும் சரி, வீடு மகளுக்குத்தான் போகும், மருமகன் அங்கே வந்து இருப்பார். அதனால் முதுமையில் அம்மாவோ உம்மாவோ மகளோடுதான். குளிசை கொடுப்பவள் அவள், இரவில் எழுந்து பார்ப்பவள் அவள். ஆனால் ஆஸ்பத்திரியில் முடிவு என்று வந்ததும் எல்லாரும் மூத்த மகனின் போனுக்காகக் காத்திருப்பார்கள். கூட இருந்து பார்ப்பவரின் பெயரைத்தான் எழுத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எழுதிய அன்றே அம்மாவையே வீடியோவில் பேச வைத்து மற்றப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுங்கள். கடிதத்தோடு சண்டை பிடிப்பவர்கள்கூட அம்மாவின் குரலோடு பிடிக்க மாட்டார்கள்.

நீதிமன்ற வழி மிகவும் பலமானது. புத்தி சுவாதீனம் இழந்தவரின் சொத்தைப் பார்க்கவும் அவரைப் பராமரிக்கவும் மாவட்ட நீதிமன்றம் விசாரித்து ஆளை நியமிக்கலாம், குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் இதற்கு இடமுண்டு. ஆனால் அதற்கு விசாரணை, மருத்துவச் சான்று, தவணை எல்லாம் வேண்டும். ஐசியு வாசலில் நிற்கும் இரவுக்கு இது உதவாது. மறதி நோய் முற்றி, இனி எதிலும் கையொப்பம் வைக்க முடியாது என்றான பின் மிஞ்சும் வழி இதுதான்.

கூட்டு வங்கிக் கணக்கு பணத்துக்கு மட்டும். மரணசாசனம் இறந்த பிறகுதான் பேசும்.

அம்மா அப்பாவுக்கு இப்போது புத்தி தெளிவாக இருந்தால் விருப்பக் கடிதத்தை இந்தக் கிழமையே எழுதுங்கள், தேவைக்கு அளவாக அற்றோணியும் செய்யுங்கள். மறதி மெல்லத் தொடங்கியிருந்தால், விளங்கித்தான் ஒப்பமிடுகிறார் என்று டொக்டரிடம் ஒரு சான்றும் எடுத்துவிடுங்கள், பிறகு யாராவது கேள்வி கேட்டால் அது உதவும். வசதி குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம்.

போன மாதம் ஒரு பின்னேரம் அம்மாவைத் திண்ணையில் இருத்தி இதையெல்லாம் கேட்டேன். கோபப்படுவார் என்று பயந்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார், தூர இடத்துக்குக் கொண்டுபோக வேண்டாம் என்றார். நான் பேனையை மூடப் போனபோது, "நினைவு இல்லாட்டியும் என்னோட கதைச்சிட்டு இருக்கச் சொல்லி எழுது மகள்" என்றார். அதையும் எழுதி, கீழே அவரிடம் ஒப்பம் வாங்கினேன்.